காசு செலவில்லாமல் வீட்டில் சிறுபிள்ளைகளை விளையாட வைக்கும் வழிகள்

சித்திரை பிறந்ததும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மூன்று காரியங்கள் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்க, அவற்றை நம்பியிருக்கும் வீடுகளில் கையில் காசு குறைந்துவிடுகிறது. பள்ளிகளுக்கு விடுமுறை வந்துவிடுகிறது. காலை பத்து மணி தாண்டினால் மணலில் வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்கு வெயில் ஏறிவிடுகிறது. ஆகவே ஓடித் திரிய வேண்டிய வயதுப் பிள்ளைகள் நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருக்க, அவர்களைச் சமாளிக்கும் பொறுப்பு பெரும்பாலும் என்னைப் போன்ற அம்மாச்சிகளிடமும் அப்பத்தாக்களிடமும் வந்து சேர்கிறது. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் இருக்கும் எங்கள் வீட்டில், மகள் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை ஐந்து வயதுப் பேத்தியையும் இரண்டரை வயதுப் பேரனையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் அவர்களை மகிழ்ச்சியாக வைத்திருக்க எனக்குக் கைகொடுத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு வயது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு இவை பொருந்தும்.

கைப்பேசியைக் கொடுத்தால் பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்பது உண்மைதான். கவலைப்பட வேண்டியதும் அந்த அசையாமைக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. அதே வழிகாட்டுதல், ஒன்று முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்று மணி நேரம் என்பது பெரிய கணக்காகத் தோன்றலாம். வெயிலுக்கு முன் ஒரு மணி நேரமும் வெயில் தாழ்ந்த பின் ஒரு மணி நேரமும் முற்றத்தில் விட்டு, மீதியை வீட்டுக்குள் பிரித்துக்கொண்டால் அது தானாகவே நிறைந்துவிடுகிறது.

முதல் பத்து நிமிடம்

தொடக்கத்தில் நான் ஒரு தவறு செய்தேன். வீட்டில் இருந்த டப்பா, மூடி, சிரட்டை, சோழி என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிள்ளைகள் முன்னால் கொட்டிவிட்டு, "விளையாடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். கால் மணி நேரத்தில் எல்லாம் வீடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. இருவரும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒரு நாள், வேறு வேலை இல்லாததால் அவர்களோடு தரையில் உட்கார்ந்து, ஒரு சிரட்டையையும் ஒரு கிண்ணம் மணலையும் மட்டும் வைத்துக்கொண்டு இட்லி ஊற்றி விளையாடினேன். பத்து நிமிடம் கழித்து நான் எழுந்து போனதை இருவருமே கவனிக்கவில்லை. அதன் பிறகு முக்கால் மணி நேரம் அவர்களே இட்லிக் கடை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறை இதுதான். ஒரு நேரத்தில் ஒரு விளையாட்டுக்கான பொருட்களை மட்டும் எடுப்பேன். முதல் பத்து நிமிடம் வேறு வேலை எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் உடன் உட்கார்ந்து விளையாடுவேன். பிள்ளை எனக்கு வேலை சொல்லத் தொடங்கியதும், அதாவது "அம்மாச்சி, நீங்க அங்க உக்காருங்க, நான் விக்கிறேன்" என்று விளையாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டதும், மெல்ல விலகிப் பார்வைக்கு எட்டும் தூரத்தில் என் வேலையைத் தொடங்குவேன். நாம் விலகும் நேரத்தைக் கடிகாரம் முடிவு செய்ய முடியாது. சில நாள் ஐந்து நிமிடத்தில் நடக்கும், உடல்நலம் சரியில்லாத நாளில் அரை மணி நேரமானாலும் நடக்காது.

பொருட்களை ஓலைப்பெட்டிகளில் பிரித்து மேலே வைத்திருக்கிறேன். ஒரு பெட்டி இறங்கினால் மற்றவை இறங்குவதில்லை. ஒரு வாரம் கண்ணில் படாத பெட்டி மறுபடி இறங்கும்போது புதிதாக வாங்கி வந்த பொருளைப் போலவே பிள்ளைகள் அதை வரவேற்கிறார்கள்.

மீன் ஏலம்

எங்கள் வீட்டில் மிக நீண்ட நேரம் நடக்கும் விளையாட்டு இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கடற்கரைப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கும் முன்பே ஏலச் சத்தத்தைக் கேட்டு வளர்கிறவர்கள். அதை வீட்டுக்குள் கொண்டுவர எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலை வெயில் ஏறும் முன் பிள்ளைகளோடு முற்றத்தைச் சுற்றி வந்து, உதிர்ந்து கிடக்கும் இலைகளைப் பொறுக்க வேண்டும். தென்னங்கீற்றிலிருந்து கிழித்த நீண்ட இலை வாளை மீன். முருங்கை இலைகள் நெத்திலி. பூவரசு இலை அகலமாகவும் நீண்ட காம்போடும் இருப்பதால் அதுவே வாலுள்ள திருக்கை. வேப்பிலையைச் சாளையாக வைத்துக்கொள்ளலாம். எந்த இலை எந்த மீனைப் போல இருக்கிறது என்று பிள்ளைகளையே கேட்டால், நாம் நினைக்காத பெயர்களெல்லாம் வரும். என் பேத்தி காய்ந்து சுருண்ட பலா இலை ஒன்றைக் கணவாய் என்றாள், பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

பிறகு கட்டிலே வள்ளம். விளக்குமாற்றின் கைப்பிடி துடுப்பு, பழைய சேலை பாய், துண்டு வலை. கட்டிலுக்குக் கீழே தரையெல்லாம் கடல். அதில் இலைகளைப் பரப்பிவிட்டால், கட்டிலில் உட்கார்ந்துகொண்டு துண்டை வீசி மீன் பிடிப்பார்கள். இரண்டரை வயதுப் பேரனுக்கு இந்தப் பகுதி மட்டுமே போதும். பத்து முறை வீசினாலும் அவனுக்கு அலுப்பதில்லை. உயரமான கட்டிலாக இருந்தால் சின்னவனுக்குப் பாயை விரித்துத் தரையிலேயே வள்ளம் கட்டிவிட வேண்டும்.

கரைக்கு வந்ததும் மீனைக் கூறு வைக்க வேண்டும். பன்னிரண்டு நெத்திலியை மூன்று கூறாக வை என்றால், ஐந்து வயதுப் பிள்ளை ஒவ்வொன்றாக மூன்று இடத்திலும் வைத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு கூறுக்கு நான்கு என்று தானே கண்டுபிடிக்கும். வகுத்தல் என்ற சொல்லை அறியாமலே வகுக்கிறது. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை பணம். ஏலம் விடுகிறவர் உரக்க எண்ண வேண்டும், ஒன்று இரண்டு மூன்று என்று ஏறிக்கொண்டே போக வேண்டும், கையில் இருக்கும் பணத்துக்கு மேல் யாரும் கேட்கக்கூடாது. இந்த மூன்று விதிகளும் போதும். வாங்கியவர் மீனைக் கொண்டுபோய்ச் சிரட்டையில் குழம்பு வைப்பதோடு விளையாட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். தடைக்காலத்தில் தகப்பன் வீட்டில் இருந்தால் அவரையே வியாபாரியாக உட்கார வைக்கலாம். வலை பழுதுபார்த்துக்கொண்டே அவர் விலை கேட்கும்போது பிள்ளைகளுக்கு வரும் உற்சாகத்தை நாம் எவ்வளவு முயன்றாலும் வரவழைக்க முடியாது. அவர் அருகில் இருக்கும் வேளையில், பெரிய பிள்ளைக்குத் தடித்த கயிறு ஒன்றைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொல்லித் தரவும் அவரையே கேட்டுக்கொள்ளலாம். நைலான் நரம்பு, தூண்டில் முள், பழைய வலைத் துண்டு ஆகியவற்றை மட்டும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்; கழுத்திலோ விரலிலோ சுற்றிக்கொண்டால் ஆபத்து.

பனை தருவது

பனை நிற்கும் ஊரில் பொம்மைக் கடை தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

காற்றாடி செய்ய, ஈர்க்கு நீக்கிய ஓலை நறுக்குகள் இரண்டு வேண்டும். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம் போதும். ஒன்றின் நடுவில் சிறிதாகக் கீறி, மற்றதை அதில் பாதிவரை நுழைத்தால் கூட்டல் குறி போல நிற்கும். நான்கு நுனிகளையும் ஒரே பக்கமாகச் சற்று முறுக்கிவிட வேண்டும். ஒன்று மாறி முறுக்கினாலும் காற்றாடி தயங்கும். சுற்றாத காற்றாடியில் பெரும்பாலும் இந்தக் குறைதான் இருக்கும். நடுவில் கருவேல முள்ளைத் தளர்வாகக் குத்தி, அதன் கூர்முனையை ஒரு குச்சியின் நுனியில் ஆழமாக இறக்கிவிட வேண்டும். முள் வேலையைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். ஆடியில் கச்சான் காற்று வீசும்போது சன்னலில் செருகி வைத்தாலே நாள் முழுக்கச் சுற்றும். காற்றில்லாத நாளில் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு ஓடும், அதுவும் நமக்கு வேண்டியதுதான். ஓலைக்காகக் குருத்தை வெட்ட வேண்டாம். உதிர்ந்த ஓலையைத் தண்ணீர் தெளித்துச் சிறிது நேரம் வைத்தால் வளையும் பதத்துக்கு வந்துவிடும். கிறிஸ்தவ வீடுகளில் குருத்தோலை ஞாயிறு முடிந்ததும் மிஞ்சும் ஓலை இதற்கு மிகவும் ஏற்றது. மட்டையின் ஓரத்தில் இருக்கும் கருக்கு அரிவாளைப் போல அறுக்கும் என்பதால் மட்டையோடு பிள்ளைகளிடம் கொடுக்கக்கூடாது.

நுங்கு காலத்தில், சுளையைத் தோண்டித் தின்ற காய்கள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் குத்தி, நடுவில் கவட்டைக் குச்சியை வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். இதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும்போது, கொட்டைகளைப் பிள்ளைகள் கையாலேயே முற்றத்து மணலில் புதைக்க வைக்கலாம். ஆளுக்கு ஐந்து கொட்டை, ஒவ்வொருவர் இடத்துக்கும் ஒரு குச்சி அடையாளம். பொங்கலுக்கு முன்னே பின்னே கிழங்கு பிடுங்கும்வரை, ஏறத்தாழ நான்கு மாதம், காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்க அவர்களுக்கு ஓர் இடம் இருக்கும். பிடுங்கும்போது கொட்டையைப் பிளந்தால் உள்ளே இருக்கும் தவுன் என்ற தின்னக்கூடிய வெண்பகுதி அவர்களுக்குக் கிடைக்கும் கூலி.

தண்ணீரும் உப்பும்

தண்ணீர் விளையாட்டைப் போலப் பிள்ளைகளை அமைதிப்படுத்துவது வேறில்லை. ஆனால் குடத்துத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற, மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டு குடம் நிறைத்துப் பழகிய ஊர்களில், குழாயைத் திறந்துவிட்டு விளையாடச் சொல்ல எனக்கு மனம் வராது. அரிசி கழுவிய நீர், காய் கழுவிய நீர் ஆகியவற்றை ஓர் அகன்ற சட்டியில் எடுத்து வைத்து, சிரட்டை, பழைய டம்ளர், துளையிட்ட டப்பா ஆகியவற்றைப் போட்டுக் கொடுக்கலாம். எது மிதக்கும், எது மூழ்கும் என்று முதலில் சொல்ல வைத்து, பிறகு போட்டுப் பார்க்க வேண்டும். முடிந்ததும் அந்த நீரைப் பிள்ளைகளே முருங்கைக்கு ஊற்றட்டும். சட்டியில் நான்கு விரல் ஆழத்துக்கு மேல் நீர் வேண்டாம். சிறுபிள்ளை மூழ்குவதற்கு ஒரு வாளித் தண்ணீரே போதும் என்பதால், இந்த விளையாட்டில் மட்டும் முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகும் நான் எழுந்து போவதில்லை.

கடல் அருகில் இருப்பவர்களுக்கு இன்னொன்று உண்டு. கால் லிட்டர் கடல்நீரை எடுத்து வந்து, துருப்பிடிக்காத அகன்ற தட்டில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி வெயிலில் வைக்க வேண்டும். நீரின் மட்டம் எங்கே நிற்கிறது என்று காலையும் மாலையும் பிள்ளை விரலால் தொட்டுப் பார்க்கும். நீர் வற்றியதும் தட்டில் பளபளக்கும் பொடி மிஞ்சும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால், கால் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். வாலிநோக்கத்து உப்பளப் பாத்திகளில் நடப்பதும் இதுவேதான் என்று அப்போது சொன்னால் பிள்ளைக்குப் புரியும். அந்த உப்பு சமையலுக்கு ஆகாது. ஆனால் அதோடு வீட்டு உப்பையும் கைநிறையச் சேர்த்து ஒரு டம்ளர் நீரில் கரைத்தால், மூழ்கிக் கிடந்த முட்டை மேலே வரும். வெறும் கடல்நீரில் முட்டை மிதக்காது, அவ்வளவு உப்பு அதில் இல்லை; இதையும் பிள்ளைகள் முதலில் செய்து பார்த்துவிட்டால் வியப்பு கூடும்.

மணல், விதை, சிப்பி

பழைய படி, உழக்கு, ஆழாக்கு பரணில் கிடந்தால் இறக்கிக் கழுவி மணலோடு கொடுக்கலாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. அளந்து அளந்து பிள்ளைகளே இதைக் கண்டுபிடிக்கட்டும். மணலை நீளமாகக் குவித்து, துரும்பை ஒளித்து வைத்து, கைகளைக் கோத்து மூடச் சொல்லும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்தை ஒரு பெரிய தட்டில் மணல் பரப்பி வீட்டுக்குள்ளேயே ஆடலாம். பல்லாங்குழிக்குப் பதினான்கு குழிகள் உண்டு என்றாலும், நான்கைந்து வயதுக்காரருக்கு ஆளுக்கு மூன்று குழி, குழிக்கு மூன்று கொட்டை என்று தொடங்கினால்தான் ஆட்டம் முடியும்வரை உட்காருவார்கள். சிமெண்டுத் தரையில் வரைய அடுப்புக்கரி போதும். சீமைக் கருவேலங்கரி நன்றாக எழுதும், தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போய்விடும். கை கறுப்பதைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிப்பிகளைப் பொறுத்தவரை, நிறம், வடிவம், அளவு என்று பிரித்து அடுக்கும் விளையாட்டில் மூன்று வயதுப் பிள்ளைகூட ஒன்றிவிடும். கரையில் வெறுமையாகக் கிடக்கும் சாதாரணச் சிப்பிகளை மட்டும் எடுக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. பவளப்பாறைத் துண்டு சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. கூம்பு வடிவச் சங்கு உயிரோடிருந்தால் கொட்டும், அதன் நஞ்சு கொடியது. சொறி எனப்படும் ஜெல்லிமீன் கரையில் செத்துக் கிடந்தாலும் தொட்டால் எரியும். ஆகவே கடற்கரையில் எடுக்கும் வேலை பெரியவருடையது, வீட்டில் அடுக்கும் வேலை பிள்ளையுடையது என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளை எதையும் வாயில் போடும். அவன் இருக்கும் இடத்தில் புளியங்கொட்டை, சோழி, சிறு சிப்பி எதுவும் கூடாது. பேரன் தூங்கும் மதிய நேரத்தில்தான் பேத்தியின் கொட்டை விளையாட்டெல்லாம் நடக்கிறது. அவன் விழித்திருக்கும்போது ஏலப் பணமாகவும் பெரிய மூடிகளையே கொடுக்கிறேன். குன்றிமணி எவ்வளவு அழகாக இருந்தாலும் எந்த வயதுப் பிள்ளையிடமும் கொடுக்க வேண்டாம், அது கொடிய நஞ்சு. ஆமணக்கு விதை, அரளி, ஊமத்தை ஆகியவையும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது.

பாலம்

பாம்பன் பாலத்தைப் பார்க்காத பிள்ளை எங்கள் பக்கம் இல்லை. இரண்டு நோட்டு அட்டைகளை எதிரெதிரே வைத்து, கப்பல் வரும்போது இரண்டையும் மேல்நோக்கித் திறந்தால் அது 1914-ஆம் ஆண்டின் பழைய பாலம். ஒரு பலகைத் துண்டின் இரு முனைகளிலும் நூல் கட்டி, சாயாமல் நேராக மேலே தூக்கினால் அது 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலம். வெற்றுத் தீப்பெட்டிகளைக் கோத்தால் இரயில். இரண்டு பிள்ளைகளும் ஒரே அளவில் நூலை இழுக்காவிட்டால் பலகை சாய்ந்துவிடும். சேர்ந்து இழுக்கப் பழகும்வரை அவர்களுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தையில் நான் தலையிடுவதில்லை.

இரவு

சாப்பாடு முடிந்த பிறகு ஓடும் விளையாட்டு வேண்டாம், தூக்கம் கலைந்துவிடும். மின்சாரம் நின்ற இரவுகளில் விளக்கை ஒரு பக்கம் வைத்துச் சுவரில் கைநிழல் காட்டுவது எங்கள் வீட்டில் வழக்கமாகி, இப்போது மின்சாரம் இருக்கும் நாளிலும் விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். இரண்டு கட்டைவிரல்களையும் கோத்து மற்ற விரல்களை விரித்தால் பறவை. பேத்தி அதைப் பூநாரை என்கிறாள், கழுத்துக்காகத் தன் கையையும் நீட்டிச் சேர்த்துக்கொள்கிறாள். சின்னவன் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்களுக்கெல்லாம் சோறு ஊட்டி, கை வழியே நண்டு ஊர்ந்து போய்க் கழுத்தில் கிச்சுக்கிச்சு மூட்டி முடிப்பேன். அதற்குள் பேத்தி அன்றைய பெட்டியில் இலைகளைத் தவிர மற்றவற்றை எண்ணிப் போட்டு மூடிவிட வேண்டும். வாடிய இலைகள் வாசலில் ஆட்டுக்குப் போகும். நாளைக்கு எந்தப் பெட்டி என்று அவள் கேட்பாள், நான் சொல்வதில்லை.